மூக்குக்கு நெற்றித் தோல்: அந்த மூன்று வாரம் அவசியமா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 64 வயது. மூக்கின் வலது ஓரத்தில் மூன்று வருடமாக ஒரு கறுப்புப் பரு இருந்தது. மரு என்றுதான் நினைத்தோம். ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், ஆறும், மறுபடி கசியும். பயாப்ஸியில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது. போன வாரம் எடுத்துவிட்டார்கள். வலது துவாரத்துக்கு மேலே வளைந்திருக்கும் சதை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. ஆனால் காயத்தை மூடாமல் கட்டு மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட் வந்த பிறகு நெற்றியிலிருந்து தோலை இறக்கி மூக்கில் வைப்பார்களாம். மூன்று வாரம் புருவத்திலிருந்து மூக்கு வரை ஒரு சதைப் பட்டை தொங்குமாம். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. "இந்த வயசுல எனக்கு எதுக்கு அழகு? தொடையிலேர்ந்து கொஞ்சம் தோலை எடுத்து ஒட்டி அனுப்பச் சொல்லு" என்கிறார். தொடைத் தோல் போதாதா? ஏன் உடனே மூடவில்லை? மூடிய பிறகு உள்ளே புற்று வளர்ந்தால் எப்படித் தெரியும்?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

காயத்தைத் திறந்து வைத்து அனுப்பியதைப் பார்த்து, ஏதோ தப்பாகிவிட்டது என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். எனக்கோ அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. உங்கள் மருத்துவர் சரியான வரிசையில் போகிறார். முதலில் புற்று முழுதாக வெளியே வந்துவிட்டதா என்று தெரிய வேண்டும். முகத்தைச் சரிசெய்வது அதற்கு அப்புறம்தான்.

எடுத்த சதையை அப்படியே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். கடிகாரத்தில் 12 மணி எங்கே இருக்குமோ அந்தப் பக்கத்தில் அடையாளமாக ஒரு தையல் போட்டு அனுப்புவார்கள். அங்கே ஓரங்களில் வண்ண மை பூசி, மெல்லிய சீவல்களாக வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்று செல்கள் அந்த மையைத் தொட்டுக்கொண்டு நின்றால், மீதி இன்னும் மூக்கிலேயே இருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கம் மீதி என்பதை அந்த ஒற்றைத் தையல் காட்டிக்கொடுத்துவிடும். சதை பதப்பட்டு, வெட்டி, சாயம் ஏற்றிப் பார்த்து முடிக்கச் சில நாட்கள் ஆகும். நீங்கள் இப்போது காத்திருப்பது அதற்காகத்தான்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு அன்றைக்கே மூடினேன். கன்னத்தில் ஒரு கட்டி. ஓரம் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது, அவரும் ஒரே நாளில் முடித்துவிடச் சொன்னார். பக்கத்துத் தோலை நகர்த்தி அழகாகத் தைத்தேன். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: ஆழத்து ஓரத்தில் புற்று செல்கள். நகர்த்திய தோலை மறுபடி தூக்கி, மீதியைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. தோலின் இடம் மாறிவிட்ட பிறகு பழைய ஓரம் எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் நலமாகவே இருந்தார். ஆனால் ஒரு ஆபரேஷனில் முடிய வேண்டியது இரண்டானது, தழும்பும் பெரிதானது. அதிலிருந்து, மூக்கு, கண் ஓரம், காது மாதிரி இடங்களில் ஓரம் சுத்தம் என்று எழுத்தில் பார்க்காமல் பெரிய மடல் (ரத்த ஓட்டம் அறாமல் இடம் மாற்றி வைக்கும் தோல்) எதையும் நான் தூக்குவதில்லை.

மோஸ் சர்ஜரி என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிரெடரிக் மோஸ் 1930-களில் தொடங்கியது. புற்றை ஒரு படலமாக எடுத்து, அதன் அடிப்பகுதியையும் சுற்று ஓரத்தையும் முழுதாக அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மீதி இருக்கும் இடத்தில் மட்டும் இன்னொரு படலம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே விடை தெரிந்துவிடும். அந்த வசதி கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் உங்கள் மருத்துவர் செய்தது போல எடுத்து, காத்திருந்து, அப்புறம் மூடுவது நல்ல வழிதான். ஒன்றிரண்டு வாரம் திறந்திருப்பதால் கெடுதல் இல்லை. மருந்து தடவி, ஒட்டாத துணி வைத்து ஈரமாகக் காப்பாற்றினால் போதும். காயம் இதற்குள் கொஞ்சம் சுருங்கும். மூடும் நாளில் ஓரத்தை விடுவித்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்துதான் வேலையைத் தொடங்குவோம்.

சரி, தொடைத் தோல்.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. தோல் ஒட்டு எளிய சிகிச்சை, ஒரே நாளில் முடியும். ஆனால் எடுத்து ஒட்டும் தோலுக்குத் தன் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரை உறிஞ்சிக்கொண்டு உயிர் பிழைக்கிறது. அப்புறம்தான் அடியிலிருக்கும் ரத்தக்குழாய்கள் அதற்குள் ஏறுகின்றன. அதனால் அடியில் உயிருள்ள படுகை இருக்க வேண்டும். மேல் சவ்வு போன வெறும் எலும்பிலும் வெறும் குருத்தெலும்பிலும் ஒட்டு பிடிக்காது. பிடித்த பிறகும் அது சுருங்கும். தொடையிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய தோல் மிக அதிகமாகச் சுருங்கும். நிறமும் முகத்தோடு ஒத்துப்போகாது, பளபளவென்று தனியாகத் தெரியும். காதுக்குப் பின்னாலிருந்தோ கழுத்தெலும்புக்கு மேலிருந்தோ முழுத் தடிமனில் எடுத்தால் நிறம் ஓரளவு பொருந்தும். மூக்கின் மேல்பக்கச் சரிவில் சிறிய காயம் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். கண்ணின் உள்மூலை போன்ற குழிவான இடத்தில் சின்னக் காயம் என்றால் தையலோ ஒட்டோ இல்லாமல் தானாக ஆறவிட்டாலே நன்றாக வரும்.

அம்மாவுக்குப் போயிருப்பது துவாரத்தின் ஓரம். இங்கேதான் விஷயம் மாறுகிறது. உங்கள் விரலால் உங்கள் மூக்கின் அந்த வளைவைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருக்கும், ஆனால் மூச்சை வேகமாக இழுத்தாலும் உள்ளே ஒடுங்கி ஒட்டிக்கொள்ளாது. வெளியே தோல், உள்ளே ஈரமான மென்தோல், நடுவில் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் கெட்டித் திசு என்று மூன்று அடுக்கும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. அங்கே மெல்லிய தோலை மட்டும் ஒட்டினால், சில மாதத்தில் அது சுருங்கி ஓரத்தை மேலே இழுத்துவிடும். துவாரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அல்லது மூச்சை இழுக்கும்போதெல்லாம் பக்கச் சுவர் உள்ளே விழுந்து அடைக்கும். அப்படி ஒருவர் என்னிடம் வந்தார். வேறொரு இடத்தில் ஒட்டுப் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. பார்வைக்கு மோசம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ராத்திரி வலது பக்கம் மூச்சே வரலை டாக்டர்" என்றார். சுருங்கியதை வெட்டி விடுவித்து, காதிலிருந்து குருத்தெலும்பு வைத்து, கடைசியில் அதே நெற்றி மடலைத்தான் அவருக்கும் செய்தேன். முதலிலேயே செய்திருந்தால் அவருக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே "எனக்கு எதுக்கு அழகு" என்று அம்மா சொல்லும்போது, இது மூச்சு விடுகிற வழியைத் திரும்பக் கட்டும் வேலை என்று சொல்லுங்கள். அழகும் விஷயம்தான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 64 வயதில் இன்னும் எத்தனையோ வருடம் இந்த முகத்தோடுதான் நாலு பேரைப் பார்க்கப் போகிறார். மூக்கில் பள்ளத்தோடு இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போவதை நிறுத்திக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெற்றி ஏன் என்று கேட்கலாம். நிறத்திலும் தடிமனிலும் மூக்குத் தோலுக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதான். அதைவிட முக்கியம் ரத்த ஓட்டம். புருவத்தின் உள்முனைக்குப் பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரத்தக்குழாய் நெற்றிக்கு ஏறுகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஒரு காம்பை அந்தக் குழாயோடு சேர்த்து வைத்துக்கொண்டால், மேலே நெற்றியில் வெட்டிய தோலை அப்படியே திருப்பி மூக்கில் இறக்கலாம். நீங்கள் படத்தில் பார்த்த பட்டை இந்தக் காம்புதான். பார்க்கத்தான் பயமாக இருக்கும். தொப்புள்கொடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் இருக்கும் தோலுக்கு அந்த மூன்று வாரமும் அதன் வழியாகத்தான் ரத்தம் போகிறது. இதற்கிடையில் மூக்கின் ஓரங்களிலிருந்து புதிய ரத்தக்குழாய்கள் மடலுக்குள் வளர்ந்துவிடும். அப்புறம் கொடி தேவையில்லை, வெட்டிவிடலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் அவசரப்பட்டு வெட்டினால் வைத்தது கறுத்துப்போகலாம். சிலருக்கு மூன்றாவது வாரம் மடலை உள்ளிருந்து மெலிதாக்கி, ஆறாவது வாரம் வெட்டுவார்கள். புகை பிடிப்பவர்களுக்கும் மூக்கு நிறைய போனவர்களுக்கும் அப்படிச் செய்வதுண்டு.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. மூக்கிழந்தவருக்கு இலையொன்றை அந்த அளவுக்கு நறுக்கி, அதை வைத்துக் கன்னத்திலிருந்து தோலை எடுத்துப் பொருத்துவதைச் சுசுருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூல் சொல்கிறது. நெற்றியிலிருந்து எடுக்கும் முறையைப் புனே பக்கத்தில் ஒருவர் செய்ததைப் பற்றி 1794-ல் லண்டன் இதழ் ஒன்றில் செய்தி வந்தது. அதில் அளவெடுத்தது மெழுகுத் தகட்டில். அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814-ல் லண்டனில் செய்து பார்த்தார். இன்றைக்கு நான் ஆபரேஷன் தியேட்டரில் அளவெடுப்பது தையல் நூல் சுற்றி வரும் அலுமினியத் தாளில். நோயாளியின் நல்ல பக்கத்து மூக்கின் மேல் அந்தத் தாளை விரலால் அழுத்தினால் வளைவு அப்படியே பதியும். அதை வெட்டி, தட்டையாக்கி, இடம் வலம் மாற்றித் திருப்பி, நெற்றியில் வைத்து மையால் கோடு போடுவேன். காயம் எவ்வளவோ அந்த அளவுக்கு வெட்டினால் போதாது, அந்தப் பகுதி இயல்பாக எவ்வளவு இருக்க வேண்டுமோ அந்த அளவு வேண்டும். மூக்கின் ஒரு பகுதியில் பாதிக்கு மேல் போயிருந்தால், மீதியையும் எடுத்துவிட்டு அந்தப் பகுதியை முழுதாகப் புதிதாக்குவதும் உண்டு. நல்ல தோலை ஏன் வெட்டுகிறார்கள் என்று அப்போது பதற வேண்டாம். தழும்பு அந்த வளைவின் இயற்கையான மடிப்பிலேயே விழுந்து மறைந்துபோகும் என்பதற்காகத்தான்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்களா என்று பலரும் தயங்கித் தயங்கிக் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். வைப்பதில்லை. வடிவமைப்பது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அம்மாவுக்கு வைக்கப்போவது எல்லாம் அம்மாவுடையதே. தோல் நெற்றியிலிருந்து, குருத்தெலும்பு பெரும்பாலும் காதின் குழிவிலிருந்து. எடுத்த பிறகும் காதின் வடிவம் மாறாது.

இப்போது அந்த மூன்று வாரம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தில் இருப்பது பயம் மட்டும்தான்.

முதல் இரண்டு மூன்று நாள் காம்பின் பின்பக்கத்திலிருந்து ரத்தம் கசியும். தலையணையில் அடர்நிறத் துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள், கறையைப் பார்த்து யாரும் கலங்க வேண்டியதில்லை. தலையை உயர்த்தி, மல்லாந்து படுக்க வேண்டும். குனிந்து எதையும் தூக்கக் கூடாது. கண் ஓரமும் கன்னமும் வீங்கும், நாலைந்து நாளில் வடியும். காம்பு காய்ந்து பொருக்குக் கட்டாமல் இருக்க, கொடுத்த களிம்பை அவர்கள் சொன்னபடி தடவிக்கொண்டே இருங்கள். அம்மா கண்ணாடி போடுகிறவர் என்றால் அது ஒரு தொல்லை. காம்பு நடுவில் இருப்பதால் கண்ணாடி உட்காராது. காம்பின் மேல் அழுத்தி வைக்கவே கூடாது, ரத்தம் தடைப்படும். எப்படிச் சமாளிப்பது என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மடலின் உயிரை எப்படிப் பார்ப்பது என்றும் கற்றுக்கொள்ளுங்கள். வார்டில் நர்ஸ் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். விரல் நுனியால் லேசாக அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாய்ந்து கருக்கத் தொடங்கினாலோ, சாம்பல் போல வெளுத்துச் சில்லிட்டுப் போனாலோ, காலை வரட்டும் என்று இருக்காதீர்கள். உடனே கூப்பிடுங்கள். ரத்தம் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை என்றாலும், காய்ச்சல், சீழ், கெட்ட வாடை என்றாலும் அப்படியே.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாட்டி மூக்குக்கு மருந்து போட்டிருக்கிறார்கள், கொஞ்ச நாள் இப்படி இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னாலே போதும். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். அம்மா கண்ணாடியில் பார்க்க விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் தடவை பார்க்கும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

காம்பை வெட்டும் ஆபரேஷன் முதலாவதைவிட ரொம்பச் சின்னது. புருவத்தின் உள்முனையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். நெற்றியில் நெடுக ஒரு கோடு இருக்கும். மேலே முடிக்குக் கீழே கொஞ்சம் இடம் மூட முடியாமல் திறந்திருந்தால், அதை அப்படியே ஆறவிடுவோம். சில வாரம் எடுக்கும், பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அங்கே வேறு தோல் ஒட்டுவதைவிட இது நன்றாகவே ஆறுகிறது. நெற்றியிலும் உச்சந்தலை முன்பக்கமும் கொஞ்ச நாள் மரத்துப்போன மாதிரி இருக்கும்.

காம்பை வெட்டின அன்றைக்கு மூக்கைப் பார்த்து மார்க் போடாதீர்கள். புதுச் சதை உப்பி, உருண்டையாக, "இதற்கா இவ்வளவு பாடு" என்று தோன்றும்படி இருக்கும். வீக்கம் இறங்க மாதங்கள் ஆகும். நாலு ஆறு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் மெலிதாக்கிச் சீர்செய்ய ஒரு சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம். தழும்பு முற்றி வெளுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். காயம் நன்றாக மூடிய பிறகு மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து விரலால் அழுத்தித் தேய்த்துவிடுவது உதவும். வெயில் பட்டால் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் தழும்பு கறுத்துத் தங்கிவிடும், ஆகவே சன்ஸ்கிரீன் கட்டாயம். பழைய மூக்கே திரும்பி வருமா என்றால், வராது. நேரே பேசுகிறவர் உற்றுப் பார்த்தால் கோடு தெரியும். ஆனால் எதிரே வருகிறவர் திரும்பிப் பார்க்காத மூக்கு வரும் என்று நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

உங்கள் கடைசி பயத்துக்கு வருகிறேன். இடம் மாற்றிய தோல் புற்றைக் கொண்டுவராது. திரும்ப வந்தால், விட்டுப்போன செல்களிலிருந்துதான் வரும். தடித்த மடலுக்கு அடியில் வளர்ந்தால் வெளியே தெரியத் தாமதமாகும் என்பது உண்மை, அதனால்தான் முதலில் சொன்ன அந்த ரிப்போர்ட் இவ்வளவு முக்கியம். பேசல் செல் வகை மெதுவாக வளரும், உடலின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக மிக அரிது. அதற்காக விட்டுவைத்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரித்துக்கொண்டே போகும். ஒரு தடவை வந்தவருக்கு முகத்தில் வேறு இடத்தில் புதிதாக இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை முழு முகத்தையும் காட்ட வேண்டும். ஆறி ஆறித் திரும்பக் கசியும் புண், முத்துப்போல் மினுங்கும் பரு, மாநிறத் தோலில் மரு மாதிரி கறுத்த புடைப்பு எதையும் இனி வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் மூன்று விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, புகையோ புகையிலையோ உண்டா. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதைக் கொடுத்த மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கி மடலையே கொன்றுவிடும். முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம் அறவே கூடாது.

இவ்வளவும் கேட்ட பிறகும் அம்மா வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை. அப்போது ஒரே கட்டத்தில் முடியும் வழி, பசையிலோ காந்தத்திலோ ஒட்டிக்கொள்ளும் செயற்கை மூக்குப் பகுதி, இவற்றைப் பற்றியும் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஒரு படத்தைப் பார்த்த பயத்தில் முடிவெடுக்க வேண்டாம். இதே சிகிச்சை செய்துகொண்டு ஒரு வருடம் ஆன ஒருவரிடம், அவர் சம்மதித்தால், அம்மாவைப் பேசவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என் நோயாளிகளில் பலர் அப்படிப் பேசித்தான் தூங்கத் தொடங்கினார்கள்.

அடுத்த முறை போகும்போது அம்மாவின் பழைய போட்டோ இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று நேராகப் பார்ப்பது, ஒன்று பக்கவாட்டில். இடது பக்கம் அளவுக்கு இருக்கிறது என்றாலும், அந்த மூக்கு சிரிக்கும்போது எப்படி விரியும் என்று எங்களுக்குத் தெரிவது போட்டோவில்தான்.